கிளச் நிலத்தோடு போனால்...

சென்ற இதழில் குளிர்காலத்தில் பற்றறியைப் பாதுகாப்பது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு மூன்று வீட்டார் தொலைபேசியில் பேசினார்கள். இருவர் கேட்டது பற்றறியைப் பற்றியல்ல, கிளச்சைப் பற்றி. ஆகவே இம்முறை கிளச். இதை எழுதுவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரு கடன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்த எம்மவர் சிலர் கையால் கியர் மாற்றும் கார்தான் வாங்குகிறார்கள். ஊரில் பழகியது அதுதான். அத்தோடு இந்நாட்டில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு. புதிதாக விற்கும் கார்களிலும் அது மிகச் சொற்பம். வாங்க ஆள் இல்லாதபடியால் பழைய 'ஸ்ரிக் ஷிப்ற்' கார் சில வேளை மலிவாகக் கிடைக்கும். கையில் காசு குறைந்த குடும்பத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் அதில் ஒரு மிதி அதிகம். அந்த மிதி ஒருநாள் நிலத்தோடு போய்விட்டால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சொல்லால் வந்த வினை

இங்கு வந்து நாலைந்து மாதமே ஆன ஒரு தம்பி. மனைவி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஒரு பிள்ளை. ஏஜென்சி மூலம் எடிசன் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஏஜென்சி வேலை எப்படியென்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் வரவேண்டாம் என்பார்கள்.

ஒருநாள் விடியப்புறம் நாலரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான் இரவு வேலை முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தேன்.

"அண்ணை, கிளச்சை மிதிச்சா அப்பிடியே நிலத்தோடை போகுது. திரும்பி வருகுதில்லை. ஆறு மணிக்கு ஷிப்ற். என்ன செய்ய?"

நித்திரைத் தூக்கத்தில் நான் சொன்னேன்: "பொனற்றைத் திறந்து பார். டிரைவர் பக்கமா ஒரு சின்னத் தாங்கி இருக்கும். அதுக்குள்ளை ஒயில் குறைஞ்சிருக்கும். கொஞ்சம் ஒயில் விட்டு நாலைஞ்சு தரம் மிதிச்சுப்போட்டு வெளிக்கிடு."

அவரும் விட்டார், மிதித்தார். கிளச் ஓரளவு வந்தது. வேலைக்குப் போனார். பின்னேரம் நன்றியும் சொன்னார். நானும் பெருமையோடு இருந்தேன்.

நாலாம் நாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கார் இழுபட்டு ஓடியிருக்கிறது. முன்சில்லில் இருந்து புகை. கிட்டக் கை கொண்டுபோக முடியாத சூடு. பிறேக் பிடித்தது பிடித்தபடி நின்றது. கிளச் மிதியும் மேலே வரவில்லை. நான் போய்த் தாங்கியின் மூடியைத் திறந்தேன். மூடிக்குக் கீழே இருக்கும் றப்பர் பழுத்த பழம்போல ஊதிக் கிடந்தது.

"என்ன ஒயில் விட்டனீ?"

"நீங்கள் சொன்ன ஒயில்தான் அண்ணை. எஞ்சினுக்கு விட்ட மிச்சம் வீட்டிலை கிடந்தது."

அவரில் பிழை இல்லை. ஊரில் நாங்கள் 'பிறேக் ஒயில்' என்போம். அவசரத்தில் 'பிறேக்' என்ற சொல்லை நான் விழுங்கிவிட்டேன். ஒயில் என்று எழுதிய போத்தல் வீட்டில் இருந்தது. அவர் அதை விட்டார். அந்தக் காரில் கிளச்சுக்கும் பிறேக்குக்கும் ஒரே தாங்கி. ஆகவே கிளச்சுக்கு விட்டது பிறேக்குக்கும் போய்விட்டது.

எண்ணெய் தொட்ட றப்பர் எல்லாம் மாற்றவேண்டும் என்று கராஜில் சொன்னார்கள். இரண்டு மாஸ்ரர் சிலிண்டர், கிளச்சின் ஸ்லேவ் சிலிண்டர், நாலு சில்லுப் பிறேக், குழாய்கள். செலவை நானும் அவரும் பாதிப் பாதியாகப் பிரித்தோம். என் பங்கு என்னுடைய இரண்டு கிழமைச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. கார் கராஜில் நின்ற நாட்களில் அவருடைய வேலை போய்விட்டது. இன்னொரு வேலை கிடைக்க மூன்று கிழமை எடுத்தது. பிறேக் இறுகி நின்றதால் உயிர் தப்பியது. பிடிக்காமல் விட்டிருந்தால், அதுவும் பிள்ளை உள்ளே இருக்கும்போது விட்டிருந்தால், நான் இந்தப் பக்கத்தை இனி எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் சனம் தட்டுப்பாட்டில் வாழ்ந்த சனம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் துளிப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓடினோம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இல்லாததற்கு இருப்பதை வைத்துச் சமாளிக்கும் அந்தத் துணிவு எங்களிடம் இன்னும் இருக்கிறது. நல்ல குணம்தான். ஆனால் இந்தச் சின்னத் தாங்கிக்கு அது செல்லாது.

கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

இந்நாட்டில் எங்கள் சொற்கள் பல விளங்காது. பொனற் என்றால் தலையைச் சொறிவார்கள், 'ஹூட்' என்று சொல்ல வேண்டும். ஸ்பானர் இங்கே 'ரெஞ்ச்'. கியர் பொக்ஸ் இங்கே 'ட்ரான்ஸ்மிஷன்'. பெற்றோல் இங்கே 'காஸ்'. முக்கியமாக, பிறேக் ஒயில் இங்கே 'பிறேக் புளூயிட்'. கிளச்சுக்கும் பெரும்பாலும் அதே பிறேக் புளூயிட்தான். வீட்டிலும் இனி ஒயில் என்று சொல்லாதீர்கள். நானும் இந்தக் கட்டுரையில் பிறேக் திரவம் என்றே எழுதுகிறேன்.

அது எண்ணெய் இல்லை. கிளைக்கோல் என்ற வகை இரசாயனத்தில் இருந்து செய்த திரவம். உள்ளே இருக்கும் றப்பர் சீல்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. எஞ்சின் ஒயிலோ, பவர் ஸ்ரியரிங் திரவமோ, ட்ரான்ஸ்மிஷன் ஒயிலோ பட்டால் அந்த றப்பர் ஊதும், மென்மையாகும், தன் துளையை அடைக்கும். ஒரு தேக்கரண்டி போனாலும் நல்லதல்ல.

தாங்கியின் மூடியிலேயே எந்தத் திரவம் என்று பொறித்திருக்கும். பெரும்பாலும் டொட் 3 அல்லது டொட் 4. புதிய டொட் 3 கொதிக்கும் வெப்பநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும், டொட் 4 க்கு 230. மூடியில் 3 என்று இருந்தால் 4 விடலாம். 4 என்று இருந்தால் 3 விடக்கூடாது. டொட் 5 என்பது சிலிக்கன் வகை. எண் பெரிது, ஆகவே திறம் என்று நினைத்து அதை வாங்காதீர்கள். மற்ற இரண்டோடும் அது கலக்காது. மிகச் சில கார்களில் கிளச்சுக்கு வேறு திரவம் கேட்பார்கள். எதற்கும் மூடியையும் காரோடு வந்த புத்தகத்தையும் பார்ப்பதுதான் வழி.

இந்தத் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே திறந்து பல மாதம் கிடந்த போத்தலைப் பாவிக்கக் கூடாது. சின்னப் போத்தலாக வாங்குங்கள், சில டொலருடன் முடியும்.

உள்ளே நடப்பது என்ன?

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் விஞ்ஞானப் பாடத்தில் படித்த ஒரு விடயம் இன்றும் கைகொடுக்கிறது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் போய்ச் சேரும். பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 1600 களில் சொன்னது. அன்று பரீட்சைக்குப் பாடமாக்கினேன். இன்று தொழிற்சாலையில் போர்க் லிப்ற் பாரம் தூக்குவதும், என் காரில் கிளச் வேலை செய்வதும் அதனால்தான்.

இரண்டு ஊசி மருந்துக் குழாய்களை ஒரு ரியூபால் இணைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அமத்தினால் மற்றது உடனே வெளியே வரும். இப்போது தண்ணீருக்குப் பதிலாகப் பாதிக்குக் காற்று வையுங்கள். அமத்தினால் காற்று நெரிபடும், மற்றது சும்மா கிடக்கும். கிளச்சில் காற்றுப் போனால் நடப்பதும் இதுதான்.

மிதிக்குப் பின்னால் இருப்பது மாஸ்ரர் சிலிண்டர். அதற்குத் திரவம் கொடுப்பது அந்தச் சின்னத் தாங்கி. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் கியர் பொக்ஸ் பக்கம் போகும். அதன் நுனியில் இருப்பது ஸ்லேவ் சிலிண்டர். அதன் தண்டு வெளியே வந்து ஒரு நெம்பைத் தள்ள, கிளச் தட்டு எஞ்சினில் இருந்து விலகும். அப்போதுதான் கியர் மாறும்.

ஊரில் பார்த்த மொறிஸ் மைனரில் பிறேக்குக்குத்தான் திரவம், கிளச்சுக்குக் கம்பி. 1988 முதல் 1991 வரையான ஹொண்டா சிவிக்கில் கேபிள். 1992 மாடலில் இருந்து அதே சிவிக்கில் திரவம். ஆகவே காற்று எடுக்க வெளிக்கிட முன்னர் உங்கள் காரில் இருப்பது கேபிளா திரவமா என்று பாருங்கள்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

கிளச் வேலை செய்யவில்லை என்றவுடன் "கிளச் மாற்ற வேண்டும்" என்று சொல்லும் இடங்களும் உண்டு. கியர் பொக்ஸை இறக்கிக் கிளச் மாற்ற ஆயிரம் டொலருக்கு மேலும் போகும். ஸ்லேவ் சிலிண்டர் வெளியில் இருக்கும் கார் என்றால் அதன் விலை அதில் சிறு பங்குதான். ஆகவே காசு கொடுக்க முன்னர் பத்து நிமிடம் செலவழித்து இவற்றைப் பாருங்கள்.

1. எஞ்சினை நிறுத்திக் கியரைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் இலகுவாக விழுகிறது. எஞ்சின் ஓடும்போது விழவில்லை, றிவேர்ஸ் போட்டால் கறகறக்கிறது. அப்படியென்றால் கிளச் முழுதாக விலகவில்லை. காற்று, ஒழுக்கு, சிலிண்டர் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

2. மிதி மெத்தென்று இருக்கிறது, மூன்று நாலு தரம் அடித்து மிதித்தால் இறுகி வருகிறது. உள்ளே காற்று இருக்கிறது அல்லது திரவம் குறைந்திருக்கிறது.

3. மிதித்துப் பிடித்திருக்க, மிதி மெல்ல மெல்ல இறங்குகிறது. வெளியே ஒழுக்கு எங்கும் இல்லை. பெரும்பாலும் மாஸ்ரர் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்திருக்கும். காற்று எடுத்தாலும் இது மாறாது.

4. மிதி நல்ல இறுக்கம், கியரும் விழுகிறது. ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. கருகல் மணமும் வருகிறது. இது கிளச் தட்டு தேய்ந்த அறிகுறி. இதற்கு இந்தக் கட்டுரை உதவாது, கராஜுக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து ஒழுக்கைத் தேடுங்கள். திரவம் மூடிய குழாய்க்குள் இருப்பது. எஞ்சின் ஒயில் மாதிரி எரிந்து குறையாது. குறைந்திருந்தால் எங்கோ போயிருக்கிறது. ஒரு ரோச் லைற் எடுத்துக் காருக்குள் குனிந்து மிதியின் மேல் பக்கத்தைப் பாருங்கள். தண்டு சுவருக்குள் போகும் இடம் ஈரமா? கால் வைக்கும் விரிப்பு நனைந்திருக்கிறதா? அப்படியென்றால் மாஸ்ரர் சிலிண்டர். பிறகு ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். அதன் நுனியில் ஒரு றப்பர் உறை இருக்கும். அதை மெல்ல விலக்கினால் உள்ளிருந்து திரவம் வடிந்தால் அது முடிந்தது. குழாய் இணைப்புகளையும் தடவிப் பாருங்கள்.

சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பொக்ஸுக்கு உள்ளே இருக்கும். வெளியே தேடினால் கிடைக்காது. கியர் பொக்ஸின் அடியில் திரவம் சொட்டினால் அதுவாக இருக்கலாம். அதற்குக் கியர் பொக்ஸை இறக்க வேண்டும். கையில் எடுக்காதீர்கள்.

ஒழுக்கு இருந்தால் அதைத் திருத்தியபின்தான் காற்று எடுக்க வேண்டும். ஓட்டை வாளிக்குத் தண்ணீர் நிரப்புவதில் பயன் இல்லை. முதலில் பழுதான சிலிண்டர் அல்லது குழாய் மாற்ற வேண்டும்.

ஒரே தாங்கி உள்ள கார்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பொதுவாகக் கிளச்சுக்குப் போகும் துளை தாங்கியில் சற்று உயரத்தில் இருக்கும். ஒழுகினால் கிளச் முதலில் விடும், பிறேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சும். இது செய்தவர்கள் வைத்த பாதுகாப்பு. ஆகவே அப்படியான காரில் கிளச் விட்டால் அடுத்தது பிறேக் என்று எண்ணி அன்றே பாருங்கள்.

காற்று எடுக்கும் முறை

தேவையானவை: புதிய பிறேக் திரவம் ஒரு சின்னப் போத்தல், கண்ணாடிபோலத் தெரியும் ஒரு முழ ரியூப், ஒரு வெறும் போத்தல், பிளீடர் ஆணிக்குப் பொருந்தும் ரெஞ்ச், பழந்துணி, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். பிளீடர் ஆணி என்பது ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள துளையுள்ள சிறு ஆணி. பல கார்களில் அதற்கு 8 முதல் 11 மில்லிமீற்றர் ரெஞ்ச் போதும். எல்லாவற்றிலும் முக்கியமான தேவை, சொன்னதைச் செய்யும் ஒரு ஆள். என் வீட்டில் மனைவிதான். அவருக்குக் கார் ஓடத் தெரியாத காலத்திலேயே கிளச் மிதிக்கத் தெரியும்.

1. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சின் நிறுத்தி, கியர் நியூற்றலில், கைப்பிறேக் போட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். பல சிவிக்குகளில் ஸ்லேவ் சிலிண்டர் மேலிருந்தே தெரியும். கீழே போகவேண்டிய கார் என்றால் ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே படுக்காதீர்கள். ஜாக் ஸ்ராண்ட் கட்டாயம்.

2. தாங்கியின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறவுங்கள். ஊத்தை உள்ளே விழக்கூடாது. மேல் கோடு வரை திரவம் விடுங்கள்.

3. பிளீடர் ஆணியின் றப்பர் தொப்பியைக் கழற்றித் துடையுங்கள். நியூ ஜேர்சியில் பனிக்காலத்தில் றோட்டுக்கு உப்புப் போடுவதால் இந்த ஆணி துருவேறி இறுகியிருக்கும். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை வெளிப்பக்கம் தெளித்து விடுங்கள். வளையமுள்ள ரெஞ்ச் போட்டு மெல்ல இளக்குங்கள். பலத்தைக் காட்டினால் ஆணி முறியும்.

4. ரியூபின் ஒரு நுனியை ஆணியில் மாட்டுங்கள். மற்ற நுனி போத்தலுக்குள், கொஞ்சம் திரவத்தில் மூழ்கி இருக்கட்டும். அப்போது காற்று திரும்ப ஏறாது, குமிழியும் கண்ணுக்குத் தெரியும்.

5. உள்ளே இருப்பவர் கிளச்சை மெதுவாக அடிவரை மிதித்து, "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னபின் நீங்கள் ஆணியைக் கால் சுற்று இளக்குங்கள். திரவமும் குமிழியும் வரும். உடனே ஆணியை இறுக்கி, "விடு" என்று சொல்லுங்கள். அதன்பின்தான் அவர் காலை எடுக்கலாம். மிதி தானாக வராவிட்டால் கையால் தூக்கி விட வேண்டும்.

இந்த ஒழுங்கு மாறக்கூடாது. ஆணி திறந்திருக்கக் காலை எடுத்தால் வந்த காற்று திரும்ப உள்ளே போய்விடும். மிதிப்பவருக்கும் ஆணி பிடிப்பவருக்கும் இடையில் சண்டை வருவதும் இந்த இடத்தில்தான். வேறு கதை பேசாதீர்கள். "பிடிச்சாச்சு", "விடு" என்ற இரண்டு சொல்லும் போதும்.

6. நாலைந்து தரத்துக்கு ஒருமுறை தாங்கியைப் பார்த்து நிரப்புங்கள். தாங்கி வற்றினால் புதுக்காற்று மேலிருந்து இறங்கிவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். நான் முதல் தரம் செய்தபோது இரண்டு முறை வற்ற விட்டேன். ஒரு மணித்தியால வேலை மூன்று மணித்தியாலம் ஆனது.

7. குமிழி நின்று தெளிந்த திரவம் வரும்வரை செய்யுங்கள். பத்துப் பதினைந்து தரம் பிடிக்கலாம். கடைசியில் ஆணியை அளவாக இறுக்கித் தொப்பியைப் போடுங்கள். தாங்கியைக் கோடு வரை நிரப்பி மூடுங்கள்.

8. சிந்திய இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இந்தத் திரவம் காரின் பெயின்ரை உரித்துவிடும்.

துணைக்கு ஆள் இல்லையென்றால் ஒரு வழி உண்டு. தாங்கியை நிரப்பி, ரியூபை மாட்டி, ஆணியை இளக்கிவிட்டுக் காத்திருங்கள். திரவம் தன் பாரத்தால் மெல்ல இறங்கி வரும். தாங்கியை மட்டும் வற்ற விடாதீர்கள். பல கார்களில் இது சரிவரும், சிலவற்றில் வராது.

இனிச் சோதனை. கார் முன்னால் யாரும் நிற்க வேண்டாம். காலைப் பிறேக்கில் வைத்து நியூற்றலில் ஸ்ராட் செய்யுங்கள். கிளச்சை மிதித்துச் சில விநாடி பொறுத்து றிவேர்ஸ் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் வெற்றி. கறகறத்தால் இன்னும் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் பழுது. அடுத்த ஒரு கிழமை தினமும் தாங்கியைப் பாருங்கள். குறைந்தால் ஒழுக்கு இன்னும் இருக்கிறது.

செய்யக் கூடாதவை

பிழையான எண்ணெய் விட்டுவிட்டீர்கள் என்று தெரிந்தால் காரை அசைக்காதீர்கள், மிதிகளை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்க அது தூரப் போகும். தோ வண்டியில் கராஜுக்குக் கொண்டுபோய், எதை எவ்வளவு விட்டது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தால் மறைத்தால் செலவு கூடும்.

வெளியே எடுத்த பழைய திரவத்தைத் திரும்ப விடாதீர்கள். அது நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றிச் சமையலறையில் வைக்காதீர்கள், பிள்ளைகள் உள்ள வீடு. சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். உங்கள் கவுண்டி ஆபத்தான வீட்டுக் கழிவுகளைச் சேகரிக்கும் நாட்களில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஓடும் றோட்டில் கிளச் விட்டால் பதறாதீர்கள். நாலு பக்க விளக்கையும் போட்டுக் கரையில் ஒதுங்குங்கள். கிளச் விட்ட காரை முதல் கியரில் வைத்துச் சாவி திருப்பினால் அது துள்ளிப் பாயும். முன்னால் ஆட்கள் நிற்கும் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னொரு விடயம். நியூ ஜேர்சியில் 1949 இல் வந்த சட்டப்படி பெற்றோலை நாங்களே அடிக்க முடியாது. மற்ற மாநிலங்கள் மாறிவிட்டன, இங்கே இன்னும் அப்படித்தான். காரை விட்டு இறங்காமலே காலம் போகும். 2010 ஆகஸ்ட் முதல் சாதாரணக் கார்களின் இன்ஸ்பெக்‌ஷனிலும் பிறேக், ஸ்ரியரிங் பார்ப்பதில்லை. புகை சம்பந்தமானதைத்தான் சோதிக்கிறார்கள். ஸ்ரிக்கர் கிடைத்துவிட்டது, ஆகவே கார் நல்லது என்று எண்ண வேண்டாம். பொனற்றைத் திறந்து பார்க்க உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. மாதம் ஒருமுறை சம்பள நாளில் அந்தச் சின்னத் தாங்கியைப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

அந்தத் தம்பி இப்போது வேறு இடத்தில் நிரந்தர வேலை. அதே காரைத்தான் ஓடுகிறார். பிறேக் திரவப் போத்தலில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்: "பிறேக், கிளச் மட்டும்." எஞ்சின் ஒயில் போத்தலிலும் எழுதியிருக்கிறார்: "எஞ்சின் மட்டும்." நீங்களும் இன்று பின்னேரம் அதைச் செய்யுங்கள். விடியப்புறம் நாலரைக்கு யாராவது உங்களிடம் கேட்டால், நித்திரையை முறித்து எழும்பி உட்கார்ந்து முழுச் சொல்லையும் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் பிறேக் கட்டைகள் தேய்ந்ததை எப்படி அறிவது என்று பார்ப்போம்.